விளைச்சல் பெருகியது, பசி ஏன் போகவில்லை?

மாணவர்களே, 2023 செப்டம்பரை நினைவிருக்கிறதா? உள்நாட்டு வெள்ளை அரிசி பேரங்காடிகளில் திடீரென்று கிடைக்காமல் போனது. 10 கிலோ பைகள் அடுக்கியிருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சில கடைகளில் ஒருவருக்கு இத்தனை பைதான் என்று அளவு வைத்து விற்றார்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கலாம்.

அரிசியே இல்லாமலா போனது? இல்லை. பக்கத்து அடுக்கில் இறக்குமதி அரிசி இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை செப்டம்பர் 1 முதல் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. உள்நாட்டு அரிசிக்கோ கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருந்தது. இரண்டுக்கும் இடையே இடைவெளி விரிந்ததும் எல்லாரும் விலை குறைந்த அரிசியைத் தேடி ஓடினார்கள். கெடா வயல்களில் அந்த ஒரு மாதத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் உங்கள் வீட்டு அரிசிப்பானை வரை அதன் அதிர்வு வந்து சேர்ந்தது.

வேளாண்மை என்றதும் நம் மனத்தில் ஒரு சங்கிலி ஓடும். நல்ல விதை, உரம், நீர். அதனால் அதிக விளைச்சல். அதனால் பசி ஒழியும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி தானாக வந்து மாட்டிக்கொள்ளாது என்பதுதான் என் வாதம். விளைந்த தானியம் காய வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும், தேவைப்படும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே அதை வாங்கப் பணமும் இருக்க வேண்டும். இவை அறுந்தால் அமோக விளைச்சலே விவசாயியின் கழுத்தை இறுக்கும். அப்படி நடந்த ஒரு நாட்டைப் பார்ப்போம்.

வென்ற விதை

எத்தியோப்பியா என்றதும் பலருக்கு 1984ஆம் ஆண்டுப் பஞ்சப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அதே நாட்டில் 1993ஆம் ஆண்டு ஒரு நம்பிக்கையான வேலை தொடங்கியது. பசுமைப் புரட்சியின் தந்தை என்று நீங்கள் படித்திருக்கும் நார்மன் போர்லாக் வழிகாட்டிய ஒரு திட்டம், எத்தியோப்பிய விவசாயிகளின் நிலத்திலேயே அரை ஹெக்டர் அளவில் மாதிரி வயல்களை அமைத்தது. மேம்பட்ட விதையும் உரமும் கடனாகக் கொடுக்கப்பட்டன. விளைச்சல் பல மடங்கு கூடியதைப் பக்கத்து வயல்காரர்கள் கண்ணால் கண்டார்கள். 1995இல் அரசாங்கமே அந்த முறையைத் தேசியத் திட்டமாக ஏற்றுக்கொண்டது.

எத்தியோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கி 1993இல் வெளியிட்ட பிஎச் 660 என்ற கலப்பின மக்காச்சோளம், மேட்டுநில விவசாயிகளிடையே பெரும் பெயர் பெற்றது. மழையும் கைகொடுத்தது. 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நல்ல அறுவடை. இதுவரை கதை நம் பாடநூலில் உள்ளபடியேதான் போகிறது.

அடுத்து நடந்ததுதான் பாடநூலில் இல்லாதது. மக்காச்சோளத்தின் விலை சரிந்தது. சில இடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை வீழ்ந்தது. அறுவடைக் கூலிக்கே கட்டாது என்று கதிர்களை வயலிலேயே விட்டவர்களும் உண்டு.

சிறிய உயர்வு, பெரிய சரிவு

விளைச்சல் சற்றுக் கூடியதற்கு விலை ஏன் இவ்வளவு விழ வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம்.

ஒரு விவசாயக் குடும்பத்துக்கு 10 மூட்டை விளைகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு 8 மூட்டை வேண்டும். மீதி 2 மூட்டை சந்தைக்குப் போகும். புதிய விதையால் விளைச்சல் 12 மூட்டை ஆகிறது. சாப்பாட்டுக்கு அதே 8 மூட்டைதான். சந்தைக்குப் போவது 4 மூட்டை. கவனியுங்கள்: விளைச்சல் கூடியது 20 விழுக்காடு; சந்தைக்கு வந்த தானியமோ இரண்டு மடங்கு!

வாங்குபவர்களின் பக்கம் பாருங்கள். அரிசி பாதி விலைக்கு வந்தால் நீங்கள் மதியம் இரண்டு பங்கு சோறா சாப்பிடுவீர்கள்? வயிறு அளவோடுதான் இருக்கும். இதனால்தான் தானியத்தின் வரத்துக் கொஞ்சம் கூடினாலும் விலை வெகுவாகச் சரிகிறது. கொஞ்சம் குறைந்தாலும் வெகுவாக ஏறுகிறது. பொருளாதாரத்தில் இதைக் ‘குறைந்த தேவை நெகிழ்ச்சி’ என்பார்கள்.

மூட்டை 100 பிர் விற்றபோது 2 மூட்டைக்கு அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது 200 பிர். (பிர் என்பது எத்தியோப்பிய நாணயம்.) இப்போது மூட்டை 30 பிர் என்றால் 4 மூட்டைக்கு 120 பிர்தான். அதில் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனையும் கட்ட வேண்டும். ஆய்வாளர் சொன்னபடி எல்லாம் செய்து, நன்றாக உழைத்து, கடைசியில் முன்னைவிட ஏழையாகிவிட்டார் அந்த விவசாயி. அடுத்த ஆண்டு அவர் உரம் வாங்குவாரா?

மேற்கில் மிச்சம், கிழக்கில் பஞ்சம்

ஓர் ஊரில் விலை விழுந்தால், பற்றாக்குறை உள்ள இன்னோர் ஊருக்கு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எத்தியோப்பியாவின் மேற்குப் பகுதிகளில் மழை அதிகம். மக்காச்சோளம் அங்கேதான் மிகுதியாக விளைகிறது. உணவுப் பற்றாக்குறை அடிக்கடி வருவது கிழக்கிலும் வடக்கிலும். நடுவே ஆழமான பள்ளத்தாக்குகளும் மலைகளும் உள்ளன. சிற்றூர்களிலிருந்து கழுதை மேலும் தலைமேலும் சுமந்துதான் தானியம் சந்தைக்கு வரும்.

தானியம் எடை மிகுந்த, விலை குறைந்த பொருள். ஒரு மூட்டைக் காப்பிக்கொட்டையின் விலை லாரி வாடகையைத் தாங்கும்; ஒரு மூட்டை மக்காச்சோளத்தின் விலை பல நேரம் தாங்காது. ஏற்றுமதி செய்யலாம் என்றால், 1993இல் எரித்திரியா தனி நாடானதிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே கிடையாது. தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்தி துறைமுகத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 900 கிலோமீட்டர்.

தொலைவு மட்டுமே தடையன்று. நம்பிக்கையின்மையும் ஒரு தடை. எத்தியோப்பியப் பொருளாதார அறிஞர் எலெனி கப்ரே மதின் தம் நாட்டுத் தானிய வணிகர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் “நல்ல சரக்கு” என்று சொன்னால் நம்பி வாங்க முடியாது. ஈரம் எவ்வளவு, கல் மண் எவ்வளவு, பூச்சி அரித்தது எவ்வளவு என்று எல்லாரும் ஏற்கும் தரப் பிரிவு இல்லை. அதனால் சரக்கைக் கண்ணால் பார்த்து, கையால் அள்ளிப் பார்த்துத்தான் வியாபாரம் நடக்கும். தெரிந்த தரகர், தெரிந்த வணிகர் என்ற சிறு வட்டத்துக்குள்ளேயே சந்தை முடங்கிவிடும்.

சேமித்து வைக்க முடியாதா?

இன்று விலை இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து விற்கலாமே? இங்கேதான் உயிரியல் குறுக்கே வருகிறது.

தானியம் உயிருள்ள பொருள், அது சுவாசிக்கிறது. அறுவடையின்போது மக்காச்சோளத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும். அதை 13 விழுக்காடு அளவுக்குக் காயவைத்தால்தான் மூட்டை கட்டலாம். ஈரத்தோடு கட்டினால் மணிகள் வேகமாகச் சுவாசித்து வெப்பத்தையும் மேலும் ஈரத்தையும் வெளியிடும். பூஞ்சணம் பிடிக்கும். அஸ்பெர்ஜில்லஸ் என்ற வகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. சமைத்தாலும் முழுமையாக அழியாது.

அடுத்த எதிரி மக்காச்சோள வண்டு. பெண் வண்டு மணியில் சிறு துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு உள்ளிருந்தே மாவைத் தின்று வளரும். வெப்பமான சூழலில் ஐந்து வாரம் அளவில் புதிய வண்டு வெளியே வரும். ஒரு தலைமுறைக்குப் பத்து மடங்கு பெருகும் என்று வைத்துக்கொண்டால், 100 வண்டுகள் மூன்றே தலைமுறையில் ஒரு லட்சம் ஆகிவிடும். கணிதத்தில் நீங்கள் படிக்கும் அடுக்குக்குறிப் பெருக்கம் இதுதான்.

எத்தியோப்பிய விவசாயிகளிடம் கொதெரா என்ற தானியக் கூடு உண்டு. குச்சிகளால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய கூடை அது. நம் முன்னோர்கள் வைத்திருந்த குதிரை நினைவூட்டும். குடும்பத்துக்கு வேண்டிய தானியத்தை அது ஓரளவு காக்கும். புதிய கலப்பின மக்காச்சோளத்தின் பெருவிளைச்சலை மாதக்கணக்கில் காக்க அது போதாது.

தானியம் கெடாமல் இருந்தாலும் பணத் தேவை காத்திராது. உரக் கடன், வரி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அறுவடையை ஒட்டியே வரும். அதனால் விலை மிகக் குறைவாக இருக்கும் அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள். கையிருப்புத் தீர்ந்த ஏழைக் குடும்பங்கள், அடுத்த அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் விலை ஏறியிருக்கும்போது அதே தானியத்தைக் கடையில் திரும்ப வாங்குகின்றன. விளைவித்தவரே குறைந்த விலைக்கு விற்று அதிக விலைக்கு வாங்குகிறார்!

2002இல் நடந்தது

2002இல் மழை பொய்த்தது. முந்திய ஆண்டு நட்டப்பட்ட விவசாயிகள் பலர் உரத்தையும் மேம்பட்ட விதையையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். 2003இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. உதவித் தானியத்தின் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அது உரிய நேரத்தில் வந்ததால் பெரும் உயிரிழப்புத் தவிர்க்கப்பட்டது.

வறட்சிதான் முதல் காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் விலைபோகாமல் மக்காச்சோளம் வீணான ஆண்டுக்கும், கோடிக்கணக்கானோர் கையேந்திய ஆண்டுக்கும் இடைவெளி ஓராண்டுதான். முதலாண்டு மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கும், மேற்கின் மிச்சத்தைக் கிழக்குக்கும் கொண்டுசெல்லும் வழி வலுவாக இருந்திருந்தால் துன்பம் இவ்வளவு பெரிதாகியிருக்காது என்று நான் நம்புகிறேன்.

இது புதிய பாடமும் இல்லை. நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், 1973இல் இதே எத்தியோப்பியாவின் வொல்லோ மாநிலத்தில் வந்த பஞ்சத்தை ஆராய்ந்தார். அங்கே மக்கள் பட்டினி கிடந்தபோதும் உணவின் விலை பெரிதாக ஏறவில்லை. ஏன்? பயிரும் கால்நடையும் போன மக்களிடம் வாங்கப் பணமே இல்லை. பணமில்லாதவரின் பசி சந்தையின் காதில் விழாது. அதனால் பஞ்சம் தலைவிரித்தாடிய மாநிலத்திலிருந்து உணவு வெளியே போகவும் செய்தது.

அரசாங்கமா, சந்தையா?

உங்களில் சிலர், அரசாங்கமே விலையை நிர்ணயித்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். எத்தியோப்பியா அதையும் செய்து பார்த்தது. 1974 முதல் 1991 வரை ஆண்ட இராணுவ ஆட்சியில், விவசாயிகள் குறிப்பிட்ட அளவு தானியத்தை அரசு நிறுவனத்துக்கு அது வைத்த குறைந்த விலையில் கொடுத்தே ஆக வேண்டும். தனியார் வணிகர்கள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தானியம் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் இருந்தன. விவசாயிக்கு அதிகம் விளைவிக்கும் ஆர்வமே குன்றியது. 1990இல் அந்தக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

வேறு சிலர், எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாம் என்பீர்கள். 1990க்குப் பிறகு சந்தை திறந்துதான் இருந்தது. 2001இல் நடந்ததை இப்போதுதான் பார்த்தோம். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே தராசு வேண்டும், கிடங்கு வேண்டும், சாலை வேண்டும்.

எலெனி கப்ரே மதின் ஒரு விடை தேடினார். அவர் தலைமையில் 2008இல் அடிஸ் அபாபாவில் எத்தியோப்பியப் பொருள் பரிவர்த்தனைச் சந்தை தொடங்கியது. தானியத்தைக் கிடங்கில் எடைபோட்டு, தரம் பிரித்து, ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதைத்தான் வாங்கி விற்பார்கள். லாரியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு அலைய வேண்டாம். அன்றைய விலை சந்தை ஊர்களின் அறிவிப்புப் பலகைகளிலும் தொலைபேசியிலும் எல்லாருக்கும் தெரியும். அருமையான ஏற்பாடு.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்துக்காகத் தொடங்கிய அந்தச் சந்தையில் தானிய வணிகம் வேர் பிடிக்கவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே, அரசாங்கச் சட்டத்தின் துணையோடு காப்பி உள்ளே வந்தது, பிறகு எள். ஏற்றுமதியாகும் இந்த விலையுயர்ந்த சரக்குகளே அதன் முதுகெலும்பாயின. இரண்டு மூன்று மூட்டை மட்டும் விற்கும் சிறு விவசாயிக்கு, தொலைவிலுள்ள கிடங்குக்குக் கொண்டுபோகும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். தலைநகரில் நவீனச் சந்தை கட்டுவதற்கு முன், சிற்றூரில் களமும் சாக்கும் சாலையும் சரியாக வேண்டும் என்பதே நான் இதில் கற்கும் பாடம்.

சிறியவையே முதலில்

என் கருத்தில், வளரும் நாடுகள் வேளாண் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது விதைக்குக் கொடுக்கும் மதிப்பை அறுவடைக்குப் பிந்திய அறிவியலுக்கும் கொடுக்க வேண்டும். அது கண்ணைப் பறிக்கும் அறிவியலாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு சாக்கைப் பாருங்கள். 1980களின் இறுதியில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க நாடான கேமரூனில் காராமணிப் பயற்றைக் காக்க ஒரு வழி கண்டார்கள். இரண்டு தடித்த பாலித்தீன் பைகள், அவற்றுக்கு வெளியே ஒரு நெய்த சாக்கு. நன்றாகக் காய்ந்த தானியத்தைப் போட்டு இறுக்கிக் கட்டினால், உள்ளே உள்ள வண்டுகள் சுவாசித்துச் சுவாசித்து உயிர்வளியைத் தீர்த்துவிடும். பிறகு அவை தின்பதை நிறுத்தும், பெருகாது, மடியும். பூச்சிமருந்தே வேண்டாம்! அதே முறை இப்போது மக்காச்சோளத்துக்கும் பயன்படுகிறது.

சாக்கு மட்டும் போதுமா? போதாது. ஜனவரியில் கடன்காரர் கதவைத் தட்டினால் சாக்கை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அறுவடையை ஒட்டியே கடன் கேட்காத ஏற்பாடும், கிடங்கில் வைத்த தானியத்தின் ரசீதை ஈடாகக் காட்டிக் கடன் பெறும் வசதியும் ஊர்ப்புறம் வரை வர வேண்டும். உதவி செய்யும் அமைப்புகளும், முடிந்தபோதெல்லாம் கப்பலில் கொண்டுவராமல் அதே நாட்டின் விவசாயிகளிடம் வாங்க வேண்டும். உலக உணவுத் திட்டம் 2008 முதல் எத்தியோப்பியா உட்பட 20 நாடுகளில் சிறு விவசாயிகளிடம் வாங்கிப் பார்த்தது சரியான திசையில் வைத்த அடி.

எத்தியோப்பியாவின் கதை சோகத்தோடு முடியவில்லை. 2005இல் அந்நாடு ஆண்டுதோறும் பற்றாக்குறை காணும் குடும்பங்களுக்கு வேலையும் பணமும் உணவும் தரும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சாலைகள் கூடின, கைப்பேசிகள் வந்தன, நகரங்கள் வளர்ந்து வாங்குவோர் பெருகினர். 1990இல் ஹெக்டருக்கு ஏறத்தாழ 1.6 டன்னாக இருந்த மக்காச்சோள விளைச்சல், 2013 அளவில் 3 டன்னைத் தாண்டியது. விதை மறுபடியும் வென்றது. இம்முறை அதற்குத் துணை இருந்தது.

உங்கள் பங்கு

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து, உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் உதிர்ந்தால் குறைவு. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாத விவசாயியும் செய்யக்கூடிய சோதனை இது. அவருடைய ஓராண்டு உழைப்பு நிலைக்குமா அழுகுமா என்பதை இந்த ஒரு பிடி உப்பு சொல்லிவிடும்.

நாளை நீங்கள் உயிரியல், பொறியியல், பொருளாதாரம் என எதைப் படித்தாலும் இந்தச் சங்கிலியில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு. புதிய விதை கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்தால் மகிழுங்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: விளைந்ததை எங்கே வைப்பார்கள்? யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? இந்த இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.